போலந்தில் ஆங்கிலம் கற்பிக்கச் சான்றிதழ் இல்லாமல் வரலாமா?

கேள்வி: நான் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவள். வயது 28. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள். சென்னையில் ஒரு பி.பி.ஓ. நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் புதிய ஊழியர்களுக்கு ஆங்கில உரையாடல் பயிற்சி அளித்து வருகிறேன். பி.எட். படிக்கவில்லை, செல்டா போன்ற ஆசிரியர் சான்றிதழும் கிடையாது. போலந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் மூன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். இதற்கிடையில் நானே விண்ணப்பித்ததில், வ்ரோத்ஸ்வாஃப் நகரிலுள்ள ஒரு மொழிப் பள்ளி காணொளி வழியாக நேர்காணல் செய்து, வாரம் 18 பாடங்கள், பாடம் ஒன்றுக்கு 55 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) என்று சொல்லியிருக்கிறது. ஆனால், ‘முதலில் வந்துவிடுங்கள், தாள்களை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்குமா? முகவருக்குப் பணம் கட்டலாமா? அல்லது அந்தப் பணத்தில் செல்டா படித்துவிட்டு வருவதுதான் சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் சான்றிதழ் இல்லாமல் போலந்தில் ஆங்கிலம் கற்பிக்க முடியும், பலர் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை அனுமதி இல்லாமல் கற்பிக்க முடியாது. நீங்கள் முதல் தடையைப் பற்றியே முழுக் கடிதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் உங்களைத் தடுத்து நிறுத்தக்கூடியது. ‘தாள்களை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்த வரி. கிராக்கோவில் ஒரு தனியார் மொழிப் பள்ளியில் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கும் பொறுப்பில் ஒன்பது ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வகுப்பறையில் திறமை காட்டியும் தாள் சரியில்லாததால் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை விரிவாக எழுதுகிறேன்.

போலந்தில் ஆங்கிலம் கற்பிக்கும் இடங்கள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்குபவை அல்ல. அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக வேண்டுமென்றால் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் வகுத்துள்ள தகுதிகள் தேவை: பொருத்தமான பட்டமும், அதோடு கற்பித்தல் பயிற்சியும் இருக்க வேண்டும். ஆள் கிடைக்காத இடத்தில், குராத்தோர் எனப்படும் மண்டலக் கல்விக் கண்காணிப்பாளரின் ஒப்புதலோடு, அந்தத் தகுதி இல்லாத ஒருவரையும் தலைமையாசிரியர் நியமிக்கலாம் என்று சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. ஆனால் ஆசிரியர் கூட்டம், மதிப்பெண் பதிவேடு, பெற்றோருடன் பேச்சு என எல்லாமே போலிஷ் மொழியில் நடக்கும் இடத்தில், அந்த மொழி தெரியாமல் நீங்கள் ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிப்பது கடினம். எனவே அரசுப் பள்ளியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

தனியார் மொழிப் பள்ளிகளின் நிலை வேறு. அவை வணிக நிறுவனங்கள். அங்கே கற்பிப்பவரை ‘நௌச்சிச்சியெல்’, அதாவது ஆசிரியர் என்று சொல்லாமல் ‘லெக்டோர்’ என்றே அழைப்பார்கள். லெக்டோருக்கு இன்ன சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. யாரை எடுப்பது என்பது பள்ளி உரிமையாளரின் முடிவு. சில பள்ளிகள் செல்டா இல்லாத விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வேறு சில பள்ளிகள் கேலன் முறை போன்ற ஆயத்த முறைகளில் பாடம் நடத்துபவை. ஆசிரியர் நின்றபடியே ஒரு கேள்வியை இருமுறை வேகமாகக் கேட்டு, மாணவர் முழு வாக்கியத்தில் விடை சொல்லும்வரை அடியெடுத்துக் கொடுக்கும் முறை அது. அத்தகைய பள்ளிகள் தாங்களே சில நாள் பயிற்சி கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடும். சான்றிதழைவிடக் குரல், வேகம், நேரந்தவறாமை ஆகியவற்றைத்தான் பார்க்கும். தனியார் மழலையர் பள்ளிகள், அதிலும் இருமொழிப் பள்ளிகள், இன்னொரு வாசல். மாலை வேளைகளில் நகரமெங்கும் அலையும் லெக்டோர் வாழ்க்கையைவிட அங்கே நேரம் ஒழுங்காக இருக்கும். ஆனால் நான்கு வயதுக் குழந்தைகளோடு நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து பாட்டுப் பாட மனமிருப்பவர்கள்தான் அங்கே நிலைக்க முடியும்.

விளம்பரங்களில் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்ற சொல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போலிஷ் மக்கள் அதை அப்படியே தங்கள் மொழிச் சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிரிட்டிஷ், அமெரிக்க, ஐரிஷ் ஆசிரியர்களைத்தான் அந்தச் சொல் குறிக்கும். உங்கள் விண்ணப்பம் சில இடங்களில் பெயரைப் பார்த்தே ஒதுக்கப்படும் என்பதை மறைக்க விரும்பவில்லை. தேசிய இனத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைப் போலந்தின் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது; ஆயினும் பதில் வராத மின்னஞ்சலை வைத்து யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. இதில் ஒரு மாற்றத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பிரிட்டன் வெளியேற்றத்தின் இடைக்காலம் முடிந்த பிறகு, புதிதாக வரும் பிரிட்டிஷ் குடிமக்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களாகிவிட்டார்கள். அதனால் பள்ளி நிர்வாகிகள் இன்று கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த நாட்டுக்காரர்?’ என்பதைவிட, ‘இங்கே வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே இருக்கிறதா?’ என்பதாக மாறியிருக்கிறது. கையில் அந்த உரிமை உள்ள ஒருவர், சான்றிதழ் இல்லாவிட்டாலும், கைநிறையச் சான்றிதழ் வைத்துக்கொண்டு திருச்சியில் காத்திருப்பவரை முந்திவிடுவார்.

அந்த உரிமை எப்படி வருகிறது? இந்தியக் குடிமக்களுக்கு வழக்கமான வழி இதுதான்: உங்களை வேலைக்கு எடுக்கும் பள்ளி, ‘வொயெவொடா’ எனப்படும் மாகாண ஆளுநரின் அலுவலகத்தில் உங்கள் பெயரில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி இந்த விண்ணப்பங்கள் மின்னணு முறையில்தான் ஏற்கப்படுகின்றன. அனுமதித் தாளில் நிறுவனத்தின் பெயர், உங்கள் பணி, ஊதியம், வேலை நேரம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளை வைத்துத்தான் நீங்கள் தேசிய விசாவுக்கு, அதாவது டி வகை விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அனுமதி அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே செல்லும். வந்தபின் பிடிக்கவில்லை என்று அடுத்த தெருவிலுள்ள பள்ளிக்குத் தாவிவிட முடியாது, அந்தப் பள்ளி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உக்ரைன் போன்ற சில நாட்டினருக்கு வேலை கொடுப்பவரின் எளிய அறிவிப்பே போதும் என்ற சுருக்க வழி உண்டு. உங்கள் பள்ளி அதை மனத்தில் வைத்து ‘வந்த பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்கக்கூடும். உக்ரைனிய லெக்டோர்களை எடுத்துப் பழகிய சிறு பள்ளிகள் இந்தத் தவற்றை நல்ல மனத்தோடே செய்வதுண்டு. இந்தியர்களுக்கு அந்த வழி கிடையாது. சுற்றுலா விசாவில் வந்து வகுப்பெடுக்கத் தொடங்கினால் அது சட்டவிரோத வேலை. சோதனையில் பிடிபட்டால் பள்ளிக்கு அபராதத்தோடு முடியலாம், உங்களுக்கோ நாட்டை விட்டு வெளியேறும் உத்தரவும், திரும்ப நுழைவதற்குத் தடையும் வரும். அந்தத் தடை ஷெங்கன் நாடுகள் முழுவதிலும் உங்களைத் தொடரும்.

இன்னொரு செய்தியும் உங்கள் காதுக்கு வந்திருக்கலாம். மொழி ஆசிரியர்களுக்கு வேலை அனுமதியே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. 2015-ஆம் ஆண்டின் ஒரு விதிமுறை, கல்விச் சட்டத்துக்குள் வரும் மழலையர் பள்ளிகளிலும் பள்ளிகளிலும் வேலை செய்யும் அயல்மொழி ஆசிரியர்களுக்கு அப்படியொரு விலக்கை அளித்தது. ஆனால் சாதாரணத் தனியார் மொழிப் பயிற்சி நிறுவனம் வணிகப் பதிவு பெற்ற கம்பெனிதான். கல்விச் சட்டத்தின்படி பதிவான நிறுவனம் அல்ல. எனவே யாராவது ‘விலக்கு உண்டு’ என்றால், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி, தங்கள் நிறுவனம் எந்தக் கல்விப் பதிவேட்டில் உள்ளது என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் தராதவர் சொல்லும் விலக்கை நம்பி விமானம் ஏறக் கூடாது.

முகவர் விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது வேலை தருபவரின் கடமை. அனுமதி வாங்கித் தருவதற்காக வெளிநாட்டவரிடம் பணம் கேட்பது போலந்துச் சட்டப்படி தண்டனைக்குரிய செயல். இந்தியச் சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. போலந்துப் பக்கத்தில் ஆள் எடுக்கும் நிறுவனமாக இருந்தால் அது ‘கிராஸ்’ எனப்படும் தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2023-இல் போலந்தின் வெளியுறவுத் துறையையே உலுக்கிய விசா முறைகேட்டுக்குப் பிறகு, ஆசிய நாடுகளிலிருந்து வரும் வேலை விசா விண்ணப்பங்களைத் தூதரகங்கள் துருவித் துருவிப் பார்க்கின்றன. முகவர் தரும் தாளில் நீங்கள் ‘ஆங்கில ஆசிரியர்’ என்றும், அந்த நிறுவனமோ இறைச்சி பதனிடும் ஆலை என்றும் இருந்தால், நேர்காணலில் நிற்கப்போவது நீங்கள், முகவர் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், ஆசிரியர் வேலை என்று நம்பிப் பணம் கட்டி வந்து, ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னைத் தேடி வந்தார். பையிலிருந்து எடுத்துக் காட்டிய ஒப்பந்தம் முழுவதும் போலிஷ் மொழியில் இருந்தது. பணி என்ற இடத்தில் ‘கிடங்கு உதவியாளர்’ என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் சொன்னபோதுதான் அவருக்கே தெரிந்தது. அவருடைய ஆங்கிலம் நன்றாகவே இருந்தது; எங்கள் பள்ளியிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் அவர் தாள் கிடங்குக்கு மட்டும் செல்லுபடியாவது. வேலை தொடங்குமுன் ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்பதும், உங்களுக்குப் புரியும் மொழியில் அதன் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் அவருக்கு யாரும் சொல்லாத செய்திகள்.

இனி, அந்தப் பள்ளி சொன்ன ஊதியத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 18 பாடங்கள், ஒன்றுக்கு 55 ஸ்லோட்டி என்றால் நான்கு வாரத்துக்கு 3,960 ஸ்லோட்டி. அவர்கள் தருவது பெரும்பாலும் ‘உமோவா ஸ்லெட்ஸெனியே’ என்ற பணி ஒப்பந்தமாக இருக்கும். ‘ஸூஸ்’ எனப்படும் சமூகக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வரி ஆகிய பிடித்தங்கள் போக ஏறக்குறைய 3,150 ஸ்லோட்டி கைக்கு வரும். 2026-ஆம் ஆண்டுக்கு அரசு நிர்ணயித்த முழுநேரக் குறைந்தபட்ச மாத ஊதியம், பிடித்தத்துக்கு முன், 4,806 ஸ்லோட்டி. அதாவது ஒரு கடை ஊழியரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே நீங்கள் நிற்கிறீர்கள். இது முதல் உண்மை.

இரண்டாவது உண்மை இதைவிட முக்கியமானது. மொழிப் பள்ளியின் ஆண்டு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கி ஜூன் நடுவில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மாகாணத்துக்கு மாகாணம் மாறும் இரண்டு வாரக் குளிர்கால விடுமுறை, மே மாதத் தொடக்கத்தின் நீள்விடுமுறை ஆகிய நாள்களில் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால் பணமும் இல்லை. ஆண்டுக்கு 36 வாரம் முழுதாக வகுப்பு நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும் மொத்த வருமானம் 35,640 ஸ்லோட்டி. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் பிடித்தத்துக்கு முன் மாதம் 2,970 ஸ்லோட்டிதான். ஜூலை, ஆகஸ்ட் வாடகையை யார் கொடுப்பது என்பதை ஜனவரியிலேயே யோசித்து வைக்காத லெக்டோர்கள் ஒவ்வொரு கோடையிலும் திணறுவதைக் கண்டிருக்கிறேன். மாணவர் கடைசி நேரத்தில் வகுப்பை ரத்து செய்தால் ஊதியம் உண்டா, ஒரு பாடம் என்பது 45 நிமிடமா 60 நிமிடமா, காலை ஏழரைக்கு நகரின் ஒரு மூலையிலுள்ள நிறுவனத்திலும் மாலை ஆறுக்கு மறுமூலையிலும் வகுப்பு வைத்தால் பயண நேரத்துக்கு என்ன கணக்கு என்ற கேள்விகளை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல பள்ளி இவற்றை எதிர்பார்த்தே இருக்கும். ‘உமோவா ஓ பிராட்ஸெ’ என்ற முறையான வேலை ஒப்பந்தம் கிடைத்தால் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு; மழலையர் பள்ளிகளில் அதற்கான வாய்ப்பு அதிகம்.

இவ்வளவையும் படித்து மனம் தளர்ந்துவிட வேண்டாம். உங்கள் கடிதத்தில் நீங்களே பெரிதாக எண்ணாத ஒன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நான்கு ஆண்டுகள் பி.பி.ஓ. ஊழியர்களுக்கு உரையாடல் பயிற்சி அளித்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுச் சென்றிருக்கிறீர்கள். கிராக்கோவ், வ்ரோத்ஸ்வாஃப், வார்சா ஆகிய நகரங்களில் பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள் நிறைந்திருக்கின்றன. அங்கே கணக்குத் துறையிலும் மென்பொருள் துறையிலும் இருக்கும் போலிஷ் ஊழியர்களில் பலர் நாள்தோறும் சென்னை, பெங்களூரு, புணே அலுவலகங்களோடு பேசுகிறவர்கள். அவர்களுக்கு இலக்கணம் ஓரளவு தெரியும். பெரும்பாலானோர் ‘மாதுரா’ என்ற பள்ளியிறுதித் தேர்வில் ஆங்கிலம் எழுதித் தேறியவர்கள்தாம். அவர்களுக்கு வேண்டியது, தொலைபேசியில் சொல்வதைப் பிடித்துக்கொள்வதும், மறுக்க வேண்டியதை மனம் நோகாமல் மறுப்பதும், கூட்டத்தில் இடைமறித்துப் பேசுவதும். இதை நீங்கள் நான்கு ஆண்டுகளாகச் செய்து வருகிறீர்கள். ‘ஆங்கில ஆசிரியர், சான்றிதழ் இல்லை’ என்று உங்களை முன்வைக்காதீர்கள். ‘வணிக உரையாடல் பயிற்சியாளர், நான்கு ஆண்டு அனுபவம்’ என்று முன்வையுங்கள். அது உண்மையும்கூட. உங்கள் உச்சரிப்பை மறைத்துப் பேசவும் வேண்டாம்; தெளிவாகவும் நிதானமாகவும் பேசினால் போதும்.

வேலை கொடுக்கும் இடத்தில் முடிவைத் தீர்மானிப்பது மாதிரி வகுப்பு. ஒருமுறை மதுரையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எங்களிடம் மாதிரி வகுப்பெடுக்க வந்தார். முழுநேரப் பல்கலைக்கழக மாணவர் என்பதால் அவருக்குத் தனி வேலை அனுமதி தேவைப்படவில்லை. சான்றிதழ் எதுவும் கிடையாது. எதிரே ஆறு பொறியாளர்கள். தங்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். ஒருவர், ‘ஐ ஹேவ் தர்ட்டி ஒன் இயர்ஸ்’ என்றார். போலிஷ் மொழியில் வயதைச் சொல்ல ‘மாம்’, அதாவது ‘என்னிடம் இருக்கிறது’ என்ற வினையைத்தான் பயன்படுத்துவார்கள்; அதையே அவர் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். பெரும்பாலான புதியவர்கள் உடனே குறுக்கிட்டுத் திருத்துவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பலகையை மூன்றாகப் பிரித்தார். முதல் பத்தியில் அந்தப் போலிஷ் வாக்கியத்தை மாணவரையே எழுதச் சொன்னார். நடுவில் தமிழில் ‘எனக்கு முப்பத்தொரு வயது’ என்று எழுதி, ‘எங்கள் மொழியில் வயது எங்களிடம் இருப்பதில்லை, எங்களுக்கு வந்து சேர்கிறது’ என்று ஆங்கிலத்தில் விளக்கினார். மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, ‘ஆங்கிலேயர் என்ன செய்கிறார்கள்?’ என்று கேட்டார். அந்தப் பொறியாளரே சிரித்துக்கொண்டு எழுந்து வந்து ‘ஐ ஆம்’ என்று எழுதினார். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பிழையைச் செய்யவில்லை. அவரை அன்றே எடுத்துக்கொண்டோம்.

தமிழ் பேசுகிற ஒருவருக்கு இங்கே இருக்கும் அனுகூலத்தை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். போலிஷ் மொழியில் ‘ஏ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள்கள் கிடையாது, தமிழிலும் கிடையாது. எழுவாயைச் சொல்லாமலே வினைமுற்றில் ‘நான்’, ‘நீ’ என்பதைக் காட்டிவிடும் வழக்கம் இரண்டு மொழிகளிலும் உண்டு. நம் இலக்கணத்தில் வேற்றுமை எட்டு, அவர்கள் இலக்கணத்தில் ஏழு. விளி வேற்றுமைகூட அவர்களிடம் இருக்கிறது. ஆர்ட்டிகிளை எங்கே போடுவது என்று ஒரு போலிஷ் மாணவர் திகைத்து நிற்கும்போது, லண்டனில் பிறந்தவருக்கு அந்தத் திகைப்பே புரியாது. நீங்களோ பள்ளியில் அதே இடத்தில் திகைத்து நின்று, விதியாகக் கற்றுத் தேறி வந்தவர். அந்தப் பாதையைச் சொல்லிக்கொடுக்க உங்களால் முடியும். அதற்காக, மாதிரி வகுப்புக்கு முன் போலிஷ் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளைக் கற்று வையுங்கள். ‘அக்துவால்னியெ’ என்றால் அவர்கள் மொழியில் ‘தற்போது’ என்று பொருள். அதனால் ஆங்கிலத்தில் ‘ஆக்சுவலி’ என்பதை ‘தற்போது’ என்ற பொருளில் போட்டுவிடுவார்கள். மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன் என்பதை ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பார்கள். இப்படி இருபது பிழைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்றைத் தயார் செய்து வைத்திருப்பவர், எனக்குச் சான்றிதழ் வைத்திருப்பவராகவே தெரிவார்.

அந்த நோட்டைத் திருச்சியில் இருந்தபடியே நிரப்பலாம். பிரெப்ளி, ஐடாக்கி போன்ற இணையத் தளங்களில் சான்றிதழ் இல்லாதவர்களும் உரையாடல் வகுப்பு எடுக்கலாம். போலந்து நேரம் மாலை ஐந்து முதல் எட்டு வரை என்பது கோடையில் நமக்கு இரவு எட்டரை முதல் பதினொன்றரை. குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வேலை முடிந்து வந்து வாரம் மூன்று இரவுகள், ஆறு மாதம் போலிஷ் மாணவர்களுக்கு எடுத்துப் பாருங்கள். கட்டணம் தொடக்கத்தில் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாணவர்கள் எழுதும் கருத்துகளும், அவர்களிடமிருந்து நீங்கள் கற்கும் பிழைகளும், பிறகு விண்ணப்பத்தில் வைக்கக்கூடிய சொத்து. அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

செல்டா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது நல்ல படிப்பு. ஏறக்குறைய 120 மணி நேர வகுப்போடு, உண்மையான மாணவர்களுக்கு முன்னால், பயிற்சியாளர் கவனித்துக்கொண்டிருக்க, ஆறு மணி நேரம் நீங்களே கற்பிக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான் மதிப்பு. வாரக்கடைசியில் இணையத்தில் கேள்விக்கு விடை குறித்து வாங்கும் மலிவான சான்றிதழ்களில் அது இல்லை; அவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் செல்டாவும் வேலை அனுமதியைக் கொண்டுவராது. ஆறு மாத இணைய வகுப்புக்குப் பிறகும் இந்தத் தொழிலில் நிலைக்க விரும்பினால், அப்போது அதைச் செய்யுங்கள். முகவருக்குக் கொடுக்க எண்ணிய பணத்தில் அதை முடித்து மீதியும் வைக்கலாம். அதுவரை, இல்லாத சான்றிதழைப் பற்றிக் கேட்டால், ‘இல்லை’ என்று நேராகச் சொல்லிவிட்டு, மாதிரி வகுப்பு எடுக்க வாய்ப்புக் கேளுங்கள்.

ஒரு சான்றிதழை மட்டும் இப்போதே வாங்கத் தொடங்குங்கள். அது கற்பித்தல் சான்றிதழ் அல்ல. குழந்தைகள் பாதுகாப்புக்காகப் போலந்தில் 2024 பிப்ரவரி 15 முதல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கற்பிக்கப் போகும் வெளிநாட்டவர், தன் குடியுரிமை நாட்டிலிருந்து குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றைத் தர வேண்டும். கடந்த 20 ஆண்டுகளில் வேறு நாடுகளில் வாழ்ந்திருந்தால் அவற்றிலிருந்தும் தர வேண்டும். உங்களுக்கு அது பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் கிடைக்கும் காவல்துறைச் சான்று. அதையும் பட்டச் சான்றிதழையும், வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக நம் வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரையோடு வாங்கி வையுங்கள். போலிஷ் மொழிபெயர்ப்பைப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் செய்துகொள்ளலாம். இதை அறியாமல் வந்த ஒருவர், மழலையர் பள்ளியில் இடம் கிடைத்தும், ஊரிலிருந்து தாள் வரும்வரை வகுப்புக்குள் போக முடியாமல் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

காலக்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிகள் ஆள் எடுக்கும் முக்கியமான மாதங்கள் ஆகஸ்டும் செப்டம்பரும். அரையாண்டு மாறும் ஜனவரி, பிப்ரவரியில் சில இடங்கள் காலியாகும். ஆனால் அனுமதியும் விசாவும் மாதக்கணக்கில் இழுப்பவை என்பதால், இந்தியாவிலிருந்து வருபவர் அக்டோபரில் வகுப்பெடுக்க வேண்டுமானால், மார்ச், ஏப்ரலிலேயே பள்ளியோடு பேச்சை முடித்திருக்க வேண்டும். வார்சாவையும் கிராக்கோவையும் மட்டும் குறிவைக்காமல் லூப்லின், பியாவிஸ்தோக் போன்ற நகரங்களுக்கும் எழுதுங்கள். அங்கே வெளிநாட்டு லெக்டோர்கள் குறைவு, வாடகையும் குறைவு.

இப்போது அந்த வ்ரோத்ஸ்வாஃப் பள்ளிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேர்காணலுக்கு நன்றி சொல்லி, நான் இந்தியக் குடிமகள், அறிவிப்பு முறை எனக்குப் பொருந்தாது, மாகாண அலுவலகத்தில் எனக்காக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தயாரா, எந்த வகை ஒப்பந்தம், மாதத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் உறுதி, நிறுவனத்தின் வணிகப் பதிவு எண்ணும் வரி எண்ணும் என்ன என்று பணிவாகக் கேளுங்கள். அந்தப் பதிவு எண்ணை வைத்து, நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது, யார் நடத்துகிறார்கள் என்பதைப் போலந்தின் நீதிமன்றப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவர்கள் அனுமதிக்கு ஒப்புக்கொண்டு, மணி நேரத்தையும் கூட்டிக் கொடுத்தால், அது யோசிக்கத்தக்க வேலை. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மற்றப் பள்ளிகளுக்கு எழுதத் தொடங்குங்கள். ஒப்பந்த வரைவு வந்தால் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்புங்கள். போலிஷ் மொழியிலுள்ள பகுதிகளை வரிவரியாகப் படித்துத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.